சொல்லும் அளவுகோலும்

திருவண்ணாமலையில் முழுநிலவு நாளில் ஏறத்தாழ 14 கி.மீ. கிரிவலப் பாதையை நடந்தே சுற்றும் முதியவரிடம், "எதற்காக உடற்பயிற்சி செய்கிறீர்கள்?" என வினவினால், "நான் உடற்பயிற்சி செய்வதில்லையே" என்று விடையளிக்கக்கூடும். அவருக்கு அந்நடை வழிபாடு. உடற்பயிற்சி ஊக்கத்தை அளக்கும் அயல்மொழி வினாநிரலைத் தமிழாக்குவோர் உணரவேண்டிய இடர் இதுவே.

தமிழாக்கத்தை, மூலத்தைக் காணாத ஒருவர் மீண்டும் மூலமொழிக்குப் பெயர்ப்பார். அதனை மூலத்துடன் ஒப்பிடுவர். சில வாரங்கள் கழித்து அதே குழுவினரிடம் மீண்டும் வினவி, விடைகள் ஒத்துள்ளனவா எனக் காண்பர். வினாக்களின் உள்ளியைபைக் கிரான்பாக் 1951இல் விளக்கிய ஆல்ஃபா கெழு காட்டும், 0.70 பொதுவாக ஏற்கப்படும் அளவு.

ஆயினும், அம்முதியவர் இருமுறையும் ஒரே விடையையே தருவார். விடை மாறாமை நம்பகத்தன்மை. அளக்கவேண்டியதையே அளத்தல் ஏற்புடைமை. முன்னது இருப்பதாலேயே பின்னது வாய்த்துவிடாது. "எதற்காக நடக்கிறீர்கள்?" என வினவும்போதுதான் அவர்தம் ஊக்கம் புலப்படும்.