மாண்டவர் மீளும் களம்

கூத்தில் மாண்டவன் மீண்டும் எழுவான் என்பதை அவையோர் முன்னரே அறிவர். அறிந்திருந்தும் ஏன் அழுகின்றனர்? வகுப்பறையில் மாணவர் ஒருவர் நம்மிடம் எழுப்பிய வினா இது. சேலம், நாமக்கல் சமவெளி மக்கள் வழிவழியாக அறிந்த கதைகளைக் கொண்டே இதற்கு விடை காண முயல்வோம். அக்கதைகளில் உயிர்மீட்சி மூவகையாக அமைகின்றது.

முதலாவது, சோதனை முடிந்து மீளல். அரிச்சந்திரன் கதையில் அரவு தீண்டி இறந்த லோகிதாசன் இறுதியில் உயிர் பெறுகின்றான். இழந்த நாடும் திரும்புகின்றது. எனினும் மக்கள் நெஞ்சில் நிலைப்பது மயான காண்டமே. மகனின் உடலைச் சுடக் கூலி கேட்டு நிற்கும் தந்தையும், கொடுக்க வழியற்ற தாயும் எதிரெதிர் நிற்கும் அந்நிலையை, பின்வரும் மீட்சி அழித்துவிடுவதில்லை.

இரண்டாவது, வாதாடி மீட்டல். சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) நாடகமாக்கிய சத்தியவான் சாவித்திரி கதை இவ்வகையினது. மக்கட்பேற்றை வரமாகப் பெற்ற சாவித்திரி, கணவனின்றி அவ்வரம் நிறைவேறுமோ என வினவி யமனை அவன் சொல்லாலேயே கட்டுகின்றாள்.

மூன்றாவது, விடைபெற மீளல். இதுவே கொங்கு மண்ணின் தனிச்சிறப்பு. உடுக்கைப் பாட்டாக வழங்கும் அண்ணன்மார் கதையை 1965இல் காங்கேயம் வட்டாரத்தில் ஒலிப்பதிவு செய்த மானிடவியலறிஞர் பிரெண்டா பெக், 1982இல் அதனைப் பற்றி ஆய்வு நூல் வெளியிட்டார். கதை வடிவங்கள் பலவாயினும், வீரப்பூர்ப் படுகளத்தில் பொன்னரும் சங்கரும் மாள, தங்கை தங்காள் தேடி வந்து அவர்களை எழுப்புவது கதையின் உச்சமாகும். எழுந்தவர்கள் நெடுநாள் வாழ்வதில்லை. தங்கையிடம் சில சொற்கள் பேசி, தம் வாழ்நாள் முடிந்ததெனக் கூறி மீண்டும் மறைகின்றனர். விழாக்களில் படுகளம் நிகழும்போது ஊர் ஆடவரே அவ்வீரர்களாக மண்ணில் சாய்வர். நீர் தெளித்து அவர்களை எழுப்புவர். அங்குப் பார்ப்போரும் பாத்திரங்களும் வேறல்லர்.

இம்மூன்றுக்கும் மாறான வழக்கம் ஒன்றும் நோக்கத்தக்கது. வட தமிழக ஊர்களில் கருமாதி இரவில் ஆடப்பெறுவது கர்ண மோட்சம். அதில் கர்ணன் உயிர்த்தெழுவதில்லை. மெய்யாகவே ஒருவரை இழந்த வீட்டின் முன், பொய்யான மீட்சியைக் காட்ட மக்கள் விரும்பவில்லை போலும். உடன் அழுவதே அங்கு ஆறுதலாகின்றது.

இனி வினாவிற்கு வருவோம். அவையோர் அழுவது பாத்திரத்துக்காக மட்டும் அன்று. இறந்தோரிடம் சொல்லாமற்போன சொல் ஒன்று ஒவ்வொருவர் நெஞ்சிலும் உண்டு. தங்காள் பெற்ற அந்தச் சில நொடிகள் நமக்கு வாய்ப்பதில்லை. ஆதலின், இருக்கும்போதே பேசிவிடுதல் வேண்டும் என்பதே படுகளம் நமக்குப் புகட்டும் பாடமாகும். கதை எழுதப் புகும் மாணவர்க்கும் ஒன்று கூறுவோம்: மாண்டவரை எழுப்புதல் எளிது, அதற்குமுன் அவ்விழப்பை முழுமையாக உணர்த்துதலே அரிது.