ஏழ்மையும் உடற்பருமனும்

முற்காலத்தில் பருத்த உடலைச் செல்வத்தின் அடையாளமாகக் கருதினர். நிறைய உண்டு, உழைப்பின்றி வாழ்தல் செல்வர்க்கே இயன்றது. இன்றோ அமெரிக்காவில் நிலை வேறு. அந்நாட்டு அரசின் 2011-2014 கணக்கெடுப்பின்படி, வறிய பெண்களில் நூற்றுக்கு 45 பேரும், வசதி மிக்க பெண்களில் 30 பேரும் உடற்பருமன் உடையவர்.

காரணம் யாது? 100 கிராம் சர்க்கரையில் ஏறக்குறைய 390 கலோரி உண்டு. அதே அளவு தக்காளியில் 18 தான். சிறு தொகையில் பிள்ளைகளின் பசியாற்ற வேண்டிய தாய், மாவும் சர்க்கரையும் எண்ணெயும் மிகுந்த மலிவுப் பண்டங்களையே நாடுகிறாள். வயிறு நிறைகிறது, சத்து குறைகிறது. இயந்திரங்களால் உடலுழைப்பும் குறைந்துவிட்டது.

ஆகவே, பருத்த ஏழையை உணவடக்கம் இல்லாதவர் என நாம் பழித்தல் தகாது. காயும் கனியும் பருப்பும் அவருக்கு எட்டும் விலையில் கிடைத்தாலன்றி, நமது அறிவுரை பயன் தராது.