மிதிவண்டிப் பயிற்சியும் உடல் உள நலமும்

எழுத்தில் துவிச்சக்கரவண்டி என்றும் பேச்சில் சைக்கிள் என்றும் நாம் வழங்கும் ஊர்தியைத் தமிழகத்தார் மிதிவண்டி என்பர். முன்னைய பெயர் சக்கரம் இரண்டென எண்ணிச் சொல்லுகின்றது; பின்னையது செலுத்துவோன் தொழிலைச் சுட்டுகின்றது. மிதிப்பவன் அடையும் பயனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாதலின், மிதிவண்டி என்னும் பெயரையே ஈண்டுக் கொள்வாம்.

வடபுலத்தார்க்கு இவ்வண்டி துன்பக்காலத் துணையாய் நின்றது. 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு எரிபொருள் வருதல் தடைப்பட்டது. ஆசிரியர் பள்ளி சென்றதும், நோயாளர் மருத்துவமனை சேர்ந்ததும், விறகும் மரக்கறியும் சந்தைக்கு வந்ததும் பெரும்பாலும் மிதிவண்டியிலேயே. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது, மூட்டைகளையும் நடக்கவியலாத முதியோரையும் கரியரில் ஏற்றித் தள்ளிச் சென்றோர் பலர். பின்னர் 2022ஆம் ஆண்டில் பொருளாதார நெருக்கடியால் நாடெங்கும் எரிபொருள் வரிசை நீண்டபோது, மூலையிற் கிடந்த வண்டிகள் மீண்டும் தெருவுக்கு வந்தன. நெருக்கடி தணிந்ததும் அவற்றுட் பல முன்னிருந்த மூலைக்கே மீண்டன.

முட்டுப்பாட்டின் நினைவோடு இணைந்த பொருளை, வசதி வந்ததும் விலக்குதல் மக்கள் இயல்பு. ஆயின் வண்டியை விலக்கியோர், அது நாள்தோறும் தந்த பயிற்சியும் உடன் விலகியதைக் கருதினாரல்லர். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, உண்ணும் அளவைப் பற்றியே பெரிதும் பேசுகின்றது. இன்று நம்மிற் பலருக்குச் சோற்றின் அளவு குறையவில்லை. உழைப்பு மட்டும் குறைந்துவிட்டது. நீரிழிவும் குருதியழுத்தமும் நம் வீடுகளிற் பழகிய சொற்களாயினமைக்கு இதுவும் ஒரு காரணமாம்.

மிதிக்குங்கால் தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள பெருந்தசைகள் குருதியிலுள்ள சருக்கரையை எடுத்துப் பயன்படுத்துகின்றன. தொடர்ந்த பயிற்சியால் இன்சுலின் செவ்வனே தொழிற்படும். இதயமும் வலிமை பெறும். உடலின் பாரத்தை இருக்கை தாங்குதலால், ஓட்டத்திற் போல முழங்கால் அதிர்வுறுவதில்லை. வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உடலுழைப்புச் செய்தல் வேண்டும் என்றும், 5 முதல் 17 வயதுடையோர் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் இயங்குதல் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்துரைத்தது. நாளொன்றுக்கு அரை மணி நேரமாக, வாரத்தில் ஐந்து நாள் வண்டி ஓடுவோர் 150 நிமிடத்தை எட்டிவிடுவர்.

உள்ளத்துக்கு ஆகும் நன்மையும் சிறிதன்று. சீரான உடலியக்கம் மனவழுத்தத்தைத் தணித்து உறக்கத்தை நன்கு வருவிக்கும் என்பது மருத்துவர் கண்ட முடிபு. பண்ணைத் தாம்போதியில் இருமருங்கும் கடலைக் கண்டு, காற்றை நுகர்ந்து மிதித்துச் செல்வோன், வேலைத்தலத்துக் கவலையைச் சிறிது வழியில் விட்டுவிட்டே வீடு சேர்கின்றான். தன்னம்பிக்கை பிறத்தல் மற்றொரு பயன். 1990களின் தொடக்கத்தில் தமிழகத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு மிதிவண்டியோட்டலையும் பெண்களுக்குக் கற்பித்தனர். பல்லாயிரம் நாட்டுப்புறப் பெண்கள், பேருந்தையும் ஆடவர் துணையையும் எதிர்பாராது தம் அலுவலுக்குத் தாமே செல்லலாயினர்.

இனி, நம் தீவகத்தார் சிறப்பாக அறியவேண்டியதொன்று உண்டு. இங்கே மலையில்லை, மேடில்லை. நமக்கு மேடாக நிற்பது காற்றே. எதிர்வரும் காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். சோளகம் தென்மேற்கிலிருந்து வீசுவது; வாடை வடகிழக்கிலிருந்து வீசுவது. ஆகவே வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ இருந்து யாழ்ப்பாணம் செல்வோனைச் சோளகம் காலையிற் பின்னின்று தள்ளும். மாலையில் எதிர்த்து நிற்கும். வாடைக்காலத்தில் இது மாறும். சோளகக் காலையில் எளிதாக விரைந்தவன் மாலைக்கென வலிமையைச் சேமித்தல் வேண்டும். பயிற்சியின் பொருட்டே புறப்படுவோன் காற்றை எதிர்த்துத் தொடங்கிக் காற்றோடு திரும்புக. நெடுந்தீவு, நயினாதீவு வாசிகள் கடலைப் படகிற் கடப்பரேனும், தம் தீவுக்குள் தொலைவு சிறிதாதலின் அவர்க்கும் மிதிவண்டி ஏற்றதே.

வண்டியைப் பேணுதலும் பயிற்சியின் பகுதியே. மிதி கீழ்நிலையை அடையும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்குமாறு இருக்கையை உயர்த்துக; தாழ்ந்த இருக்கை முழங்காலை வருத்தும். உப்புக்காற்று சங்கிலியை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். வாரந்தோறும் துடைத்து எண்ணெயிடுக. உச்சிவெயிலைத் தவிர்த்து நீர் அருந்துக. இரவில் விளக்கின்றிச் செல்லற்க. இதயநோயுடையோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

ஒரு கல் தொலைவிலுள்ள பிள்ளையையும் மோட்டார்ச் சைக்கிளில் ஏற்றிவந்து பள்ளி வாயிலில் இறக்கும் வழக்கம் பெருகிவருகின்றது. பெற்றோர் அன்பினாற் செய்யும் இச்செயல், அப்பிள்ளைக்கு உரிய அன்றாடப் பயிற்சியை அவனறியாமலே பறிக்கின்றது. விழா நினைவாகக் கல்லூரிக்கு யாது செய்யலாம் எனக் கேட்கும் பழைய மாணவர்க்கு அடியேன் விண்ணப்பம் இதுவே: வெயிலும் மழையும் படாத மிதிவண்டிக் கொட்டகை ஒன்று அமைத்துத் தருக. ஆசிரியராகிய நாம் அக்கொட்டகையில் முதலில் நம் வண்டிகளை நிறுத்துவோம். மாணவர்காள், நீவிரும் உங்கள் வண்டியைத் துடைத்து, காற்றடித்து, வரும் திங்கட்கிழமையே மிதித்து வருக!