வெள்ளிக்காசு விஷம் காட்டாது

வலையபட்டிப் பக்கம் இரண்டு மழை பெய்தால் போதும், செம்மண் புற்றோரம் காளான் தலைகாட்டும். கூடவே அந்தப் பழைய கதையும் முளைக்கும்: "கொதிக்கும்போது வெள்ளிக்காசைப் போடு, கறுக்காவிட்டால் பயமில்லாமல் தின்னு." அப்பத்தா சொன்னார், கிடை போட்ட கீதாரி சொன்னார், இப்போது வாட்ஸ்அப்பும் சொல்கிறது. யார் சொன்னாலும் பொய் பொய்தான்.

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். அவித்த முட்டையில் வெள்ளிக் கரண்டியைச் செருகிப் பாருங்கள், கறுக்கும். முட்டை என்ன விஷமா? காளானில் ஆளைக் கொல்லும் அமடாக்சின் வெள்ளியை ஒன்றும் செய்யாது. பூண்டு, மஞ்சள், அரிசி என்று எதைப் போட்டாலும் இதே லட்சணம்தான். வேகவைத்தாலும் காயவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது.

தின்றவுடனே தெரியவும் தெரியாது. ஆறு மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு ஒரு நாள் எல்லாம் சரியானதுபோல் இருக்கும். அதை நம்பி வீட்டிலேயே கிடந்தால் கல்லீரல் கெட்டு முடிந்திருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் தின்ற 13 பேர் திப்ருகர் மருத்துவக் கல்லூரியில் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள். காளான் பறித்துப் பழகியவர்கள்தான்.

மற்ற கதைகளுக்கு ஒரு வரி போதும்.

"பூச்சி அரித்தது நல்ல காளான்." நச்சுக்காளானைத் தின்றுவிட்டு நத்தை நன்றாகவே ஊர்கிறது. அதன் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு.

"வெள்ளையாக இருந்தால் நல்லது." கொடிய காளான்களில் பல வெள்ளைதான். புல்தரையில் குடை விரிக்கும் ஒரு வெள்ளைக் காளானின் அடிமடிப்பு முற்றினால்தான் பச்சையாகும். அதற்குமுன் பறித்துத் தின்றவர் குடல் புரண்டு கிடப்பார்.

"இடி இடித்தால்தான் முளைக்கும்." முளைக்கத் தேவை ஈரம். புற்றுக்காளானுக்குக் கரையானும் வேண்டும். புற்றுக்குள் கரையான் வளர்க்கும் பூஞ்சையிலிருந்துதான் அது கிளம்புகிறது.

சந்தேகம் இருந்தால் கொட்டிவிடுங்கள். தின்றபின் வயிறு புரட்டினால் மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். காளான் ஆசைக்குப் பால்காளான் இருக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏபிகே 2 ரகம் வைக்கோலிலேயே வளரும்.

புற்றுக்காளானை அப்படி வளர்க்க முடியாது. கரையான் இல்லாமல் அது இல்லை. மனை போடுகிறேன் என்று ஜேசிபியால் புற்றை இடித்து, மருந்தையும் ஊற்றிவிட்டு, "முன்போலக் காளான் இல்லையே" என்று அங்கலாய்த்து என்ன பயன்? வேலியோரப் புற்றையாவது விட்டுவையுங்கள்.