சேறு அள்ளியவருக்குக் காய்ச்சல்

கேள்வி: 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி எங்கள் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் என் கணவரும் கொழுந்தனாரும் வெறுங்காலோடு சேறு அள்ளினார்கள். இப்போது கணவருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், கால்வலி. "சேறு அள்ளிய அலுப்புதான், கஷாயம் குடித்தால் சரியாகிவிடும்" என்கிறார் அத்தை. கிணறும் மூழ்கிவிட்டது. மோட்டார் போட்டு இறைத்ததில் தண்ணீர் தெளிவாக வருகிறது. குடிக்கலாமா?
- வாசகி, ஏரல்

பதில்: கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களிடம் போனில் பேசிவிட்டேன். அந்த ஆற்றங்கரையில் இன்னும் எத்தனையோ வீடுகளில் இதே நிலை இருக்கலாம் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

காய்ச்சல்காரரைத் தாமதிக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். காய்ச்சலைச் சொல்லும்போதே, வெள்ளத்தில் நின்றதையும் வெறுங்காலோடு சேறு அள்ளியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அத்தனை கூட்டத்துக்கு நடுவே டாக்டரை எலிக்காய்ச்சல் பக்கம் யோசிக்க வைப்பது அந்த ஒரு தகவல்தான்.

பெயர் எலிக்காய்ச்சல் என்றாலும் மாடு, நாய், பன்றியின் சிறுநீரிலும் இதன் கிருமி வெளியேறும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்த மழையில் தொழுவம், சாக்கடை, செப்டிக் டேங்க் எல்லாம் ஒரே தண்ணீராகிவிட்டன. கிருமி உள்ளே போகக் குதிகாலில் ஒரு பித்தவெடிப்பு போதும். உடனே காட்டிக்கொள்ளாது, பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரம் கழித்து, தண்ணீர் வடிந்து வீடும் காய்ந்தபிறகுதான் காய்ச்சல் ஆரம்பிக்கும். அதனால்தான் பலர் வெள்ளத்தையும் இதையும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை.

அலுப்பில் வரும் வலி என்றால் காலைப் பிடித்துவிட்டால் சுகமாக இருக்கும். இந்தக் காய்ச்சலிலோ கெண்டைக்காலை லேசாக அழுத்தினாலே காலை இழுத்துக்கொள்வார்கள். பீளை இல்லாமலே கண் சிவந்திருக்கும். எல்லோருக்கும் இப்படி இருக்காது, ஆனால் இருந்தால் அலட்சியம் கூடாது. கண் மஞ்சளானாலோ, மூத்திரம் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ ராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள். ஆரம்பத்திலேயே வந்தால் விலை மலிவான மாத்திரையிலேயே குணமாகிவிடுகிற நோய் இது. அதற்குப்போய் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் வரை போவதைப் பார்க்க மனசு தாங்காது.

முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனையில் "இல்லை" என்று வரலாம். அதை வைத்துச் சிகிச்சையை நிறுத்த வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும், எலிக்காய்ச்சலாக இருந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. பாராசிட்டமால் போதும். அத்தையின் கஷாயத்தை நான் தடுக்கவில்லை, அதற்காகக் காத்திருக்கத்தான் கூடாது.

கொழுந்தனாருக்குக் காய்ச்சல் இல்லையென்றாலும் மருத்துவ முகாமில் காட்டுங்கள். வாரம் ஒருமுறை 200 மி.கி. டாக்சிசைக்ளின், முன்தடுப்பாகக் கொடுப்பது வழக்கம். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் இதைச் சாப்பிடக் கூடாது என்பதால் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். மிச்சச் சேற்றை அள்ள கம்பூட்ஸ் கட்டாயம்.

கிணற்றுக்கு வருவோம். தெளிவாக இருப்பதால் மட்டும் நல்ல தண்ணீர் ஆகிவிடாது. காய்ச்சினால் கிருமி சாகும். வெள்ளத்தில் கலந்த டீசலோ பூச்சிமருந்தோ போகாது. அந்த வாடை அடித்தால் குடிக்கவே வேண்டாம். சுற்றிலும் மண் ஊறியிருக்கும்போது கிணற்றை ஒரேயடியாக இறைத்தால் சுவர் உள்ளே சரியும், ஆகவே விட்டுவிட்டு இறைத்துச் சேற்றை எடுங்கள். பிளீச்சிங் பவுடர், வழக்கமாக 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். வெள்ளத்துக்குப் பின் முதல் தடவை அதைவிட அதிகம் தேவை. அதைச் சுகாதார ஆய்வாளர் வந்து அளந்து சொல்லட்டும். மூக்கில் ஏறுகிற நெடி இல்லாத பழைய பவுடரால் பயனில்லை. வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். மேல்தொட்டியையும் கழுவ வேண்டும்.

தண்ணீர் சோதனையில் நல்லது என்று தெரியும்வரை பஞ்சாயத்து லாரித் தண்ணீரையே காய்ச்சிக் குடியுங்கள்.