புற்றுநோயாளிக்கு மனத்துணை

புற்றுநோய் என்று மருத்துவர் அறிவித்த நாள்முதல் நோயாளி இருவகைத் துன்பங்களுக்கு உள்ளாகிறார். உடல்நோவைத் தணிக்க அறுவை, கதிர்வீச்சு, மருந்து முதலிய முறைகள் உள்ளன. அச்சம், உறக்கமின்மை, பிறருக்குச் சுமையாகிவிட்டோமே என்னும் ஏக்கம் ஆகிய மனத்துயருக்கும் உதவி தேவை.

அவ்வுதவியின் பயன் முறையாக ஆராயப்பட்டுள்ளது. அமெரிக்க உளமருத்துவர் டேவிட் ஸ்பீகலும் அவர்தம் குழுவினரும் 1989-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மார்பகப் புற்றுநோய் உடலெங்கும் பரவிய 86 பெண்களுள் 50 பேர் ஓராண்டுக் காலம் வாரந்தோறும் கூடித் தம் அச்சங்களை மனம்விட்டுப் பேசினர். அவர்கள் சராசரி 36.6 மாதங்களும், ஏனைய 36 பேர் 18.9 மாதங்களும் உயிர்வாழ்ந்தனர். இம்முடிவு பெரும் நம்பிக்கையைத் தோற்றுவித்தது. ஆனால் கனடாவில் 235 பெண்களிடையே நடத்தப்பெற்று 2001-இல் வெளியான ஆய்வில் ஆயுள் நீடிக்கவில்லை. எனினும் குழுவிற் சேர்ந்தோரின் மனத்துயர் குறைந்தது. வலியும் குறைவாகவே உணரப்பட்டது.

இவ்வேறுபாடு அறியத்தக்கது. “தைரியமாயிருந்தால் நோய் ஓடிவிடும்” என்று உறவினர் நல்லெண்ணத்தோடுதான் கூறுகின்றனர். ஆயினும் நோய் முற்றும்போது, தன் மனவலிமைக் குறைவே காரணமென்று நோயாளி தன்னையே நொந்துகொள்ள அது இடமளிக்கிறது. அப்பழியை அவர்மேல் சுமத்த விஞ்ஞான ஆதாரம் ஏதுமில்லை.

நம் நாட்டில், நோயின் பெயரையே நோயாளிக்கு மறைக்கும்படி குடும்பத்தார் மருத்துவரை வேண்டுவதுண்டு. மருத்துவமனையின் பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரிந்தவரிடம் இம்மறைப்பு நெடுநாள் நிலைப்பதில்லை! இருதரப்பாரும் அறிந்தும் அறியாதார்போல் நடிப்பதால், பேச வேண்டியவை பேசப்படாமலே போகின்றன. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை நோயாளியிடமே கேட்டறிதல் நலம்.

வீட்டாரிடம் கூற இயலாததை, அந்நோயைக் கடந்துவந்த ஒருவரிடம் கூறுதல் சிலருக்கு எளிதாயிருக்கும். 1996-இல் டில்லியில் ‘கான்சப்போர்ட்’ அமைப்பைத் தொடங்கிய ஹர்மாலா குப்தா புற்றுநோயிலிருந்து மீண்டவரே. அதன் மருத்துவர்களும் தாதியரும் ஆலோசகர்களும் நோயாளியின் இல்லத்திற்கே செல்கின்றனர். கோழிக்கோட்டில் 1993-இல் தோன்றிய வலிதணிப்புச் சங்கத்தின் பணியிலிருந்து, அண்டை அயலாரையே பயிற்றித் தொண்டர்களாக்கும் முறை கேரளத்தில் வளர்ந்தது.

சோர்வு இரு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், எதிலும் நாட்டமில்லாவிட்டாலும் சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் கூறவேண்டும். இதற்கெனத் தனி மருந்துகளும் ஆலோசனை முறைகளும் உள்ளன. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். வாழ விருப்பமில்லையென நோயாளி கூறுவாராயின், அதனை வெறும் சலிப்பென்று ஒதுக்காது அன்றே மருத்துவருக்குத் தெரிவித்தல் வேண்டும்.