கார்போகரிசியும் கதிரொளியும்

குழந்தைகளை நீராட்ட நலங்குமா அரைப்போர், கோயம்புத்தூர் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டு வாங்கும் பொருள்களுள் கார்போகரிசியும் ஒன்று. பெயரில் அரிசி உண்டேனும் இது நெல்லரிசி அன்று. ஏலவரிசி, வெட்பாலையரிசி என்றாற்போலச் சிறு விதையை அரிசி என்பது தமிழ் வழக்கு. பயற்றினத்துச் செடியொன்றின் கருநிற விதையே இது.

தோலில் வெண்புள்ளி தோன்றியோர்க்கு இவ்விதையை மருந்தாக்கி, அவ்விடத்தில் வெயில் படச் செய்வது நம் நாட்டுப் பழைய மருத்துவ முறை. (வெண்புள்ளியை வெண்குட்டம் என்பது பிழை; அது தொழுநோயும் அன்று, தொற்றுவதும் அன்று.) மருந்து இருக்க வெயில் எதற்கு என்னும் வினாவுக்கு விடை நெடுங்காலம் கிட்டவில்லை.

1933-ஆம் ஆண்டில் ஜோயிஸ், மஞ்சுநாத், வேங்கடராவ் என்னும் இந்திய வேதியியலறிஞர் மூவர் இவ்விதையினின்று சோராலென் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் மூலக்கூறு தட்டையானது. ஆதலின் உயிரணுவினுள் முறுக்கிய நூலேணிபோல் விளங்கும் டி.என்.ஏ.வின் படிகளுக்கிடையே நுழைந்து கொள்ளும். இருளில் அது வாளா கிடக்கும். புற ஊதாக்கதிர் பட்டவுடனோ ஆற்றல் பெற்று, அவ்வேணியின் இரு புரிகளையும் சேர்த்துப் பிணித்துவிடும். புரிகள் பிரிந்தாலன்றி உயிரணு இரண்டாகப் பெருக இயலாது. எனவே பிணிப்புண்ட அணு பெருகாது மடியும். வெண்புள்ளியிலோ, அளவோடு அமைந்த இக்கூட்டு எஞ்சிய நிற அணுக்களைக் கிளர்ந்தெழச் செய்கின்றது.

புற்றுநோயாவது அணுக்கள் கட்டின்றிப் பெருகுதல். பெருக்கத்தைத் தடுக்கும் இப்பொருளை மருத்துவர் விடுவரோ? எகிப்து நாட்டுச் செடியொன்றில் இதன் இனமான மீதாக்சி சோராலென் கிடைத்திருந்தது. அமெரிக்க மருத்துவர் அதனை 1974-இல் காளாஞ்சகப்படைக்கும், 1976-இல் வெள்ளணுக்கள் கெட்டுத் தோலில் பரவும் ஒருவகைப் புற்றுக்கும் ஒளியோடு பயன்படுத்திக் காட்டினர். 1987-இல் எடல்சன் குழுவினர் மேலும் ஒருபடி சென்றனர். நோயாளிக்கு மருந்தை உண்பித்து, குருதியை வெளியே எடுத்து, வெள்ளணுக்களைப் பிரித்து, புற ஊதா ஒளி காட்டி, மீண்டும் உடலுள் செலுத்தினர். பிற மருத்துவத்துக்கு இணங்காத அப்புற்றுடைய 37 பேருள் 27 பேர் நலம் காணத் தொடங்கினர். 1988-இல் அமெரிக்க அரசு இம்முறையை ஏற்றது.

இம்மருந்தை விளையாட்டாகக் கொள்ளலாகாது. கார்போகரிசியைத் தாமே அரைத்துப் பூசி நெடுநேரம் வெயிலில் நிற்போர்க்குத் தோல் வெந்து கொப்புளம் எழும். மருத்துவமனையிலேயே ஆயினும், தோலுக்குப் பல்லாண்டு இவ்வொளி மருத்துவம் பெற்றோர்க்குப் பிறிதொரு தோற்புற்று வரும் வாய்ப்பு மிகுகின்றது. கண்ணின் வில்லையும் கேடுறக்கூடும். ஆதலால் மருந்துண்ட நாளில் நோயாளிகள் புற ஊதாக்கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணிகின்றனர்.